தாயக்கட்டையில் ஏன் மூன்றே விழுகிறது? – லீவு நாள் கேள்வி பதில்

பள்ளிக்கு லீவு விட்டதுமே கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கடையில் போய் பெரிதாக எதுவும் வாங்காமல், அடுப்படியிலும் மொட்டை மாடியிலும் இருப்பதை வைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

நாலு வயது மகளுக்கு மைதாவைப் பிசைந்து விளையாட்டு மாவு செய்தேன். முதல் நாள் நன்றாக இருந்தது. மறுநாள் கையெல்லாம் ஒட்டியது, மூன்றாம் நாள் புளித்த வாடை. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

சப்பாத்தி மாவு மாதிரி பச்சையாகப் பிசைந்திருப்பீர்கள். பச்சை மாவு இரண்டே நாளில் புளிக்கத்தான் செய்யும். கிண்டி வேகவைத்த மாவுதான் நாள்பட நிற்கும்.

மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஆறிய தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சூடான தண்ணீரில் மைதாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். பிறகு என்ன கிண்டினாலும் கரையாது. அடி கனமான வாணலி, சிறு தீ, கை விடாமல் கிண்டல். மூன்று நான்கு நிமிடத்தில் சட்டென்று திரண்டு வரும். களி வெந்ததா என்று எப்படிப் பார்ப்போமோ அதே சோதனைதான்: ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். இளஞ்சூட்டுக்கு ஆறியதும் கையில் எண்ணெய் தடவி நன்றாகப் பிசைந்துவிடுங்கள்.

கல்லுப்பு வேண்டாம். முழுக்கக் கரையாமல் மணல் மாதிரி நெறநெறக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூளுக்குப் பதிலாகத்தான் இங்கே எலுமிச்சை. மாவு மிருதுவாக வர அந்தப் புளிப்பு உதவும்.

உங்கள் ஊர் கடலோரம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் நன்றாக வெந்த மாவும் இரண்டொரு நாளில் லேசாகப் பிசுபிசுக்கும். ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகிவிடும். ஓரம் காய்ந்து வெடித்தால் அதற்கு நேர்மாறு, கையை நனைத்துப் பிசைய வேண்டும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் இரண்டு மூன்று வாரம் வரும். வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். பாதிக்குப் பாதி உப்பு இருப்பதால் வாயில் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தைக்குத் தரக்கூடாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது.

இன்னொன்று. யானை செய்து காட்டாதீர்கள். பெரியவர்கள் செய்த யானையைப் பார்த்த குழந்தை தன் யானையை நசுக்கிவிட்டு, 'நீயே செய்' என்று மாவை நீட்டும். அதற்குப் பதில் பழைய சீப்பு, பாட்டில் மூடி, முறுக்கு அச்சு இவற்றைக் கொடுங்கள். முறுக்கு அச்சைப் பிழிய நாலு வயதுக் கைக்கு முழு பலமும் வேண்டும். பென்சில் பிடிக்கப்போகும் கைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பேரனுக்குப் பதினோரு வயது. தினமும் தாயம் ஆடுகிறோம். 'பாட்டி, கட்டை கோணல், மூணாவே விழுது' என்று சண்டை போடுகிறான். கட்டை என் மாமியார் காலத்துப் பித்தளை. உண்மையிலேயே கோணலாக இருக்குமா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

கட்டை மேல் பழி போடுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம் அம்மா. மூன்றுதான் அதிகம் விழ வேண்டும்.

ஒரு கட்டைக்கு நாலு பக்கம். ஒன்றில் புள்ளியே இல்லை, மற்ற மூன்றில் 1, 2, 3. இரண்டு கட்டை சேர்ந்தால் நாலு நான்கு பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று என்பது 0-3, 3-0, 1-2, 2-1 என்று நாலு வழியில் வருகிறது. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் (அதாவது ஒன்று) ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறு (3-3) ஒரே வழி, பன்னிரண்டு (இரண்டும் வெறும் பக்கம்) ஒரே வழி.

இதை அப்படியே பேரனிடம் சொல்லிவிடாதீர்கள். நோட்டில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, மேலே 0, 1, 2, 3, பக்கவாட்டிலும் அப்படியே எழுதி, கூட்டி நிரப்பச் சொல்லுங்கள். மூன்றுகள் மூலைக்கு மூலை சரிவாக வரிசை கட்டி நிற்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். பிறகு 64 தடவை உருட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வரட்டும். கணக்குப்படி மூன்று 16, இரண்டும் நான்கும் 12 வீதம், தாயமும் ஐந்தும் 8 வீதம், ஆறும் பன்னிரண்டும் 4 வீதம். கையில் வருவது இப்படி அச்சாக இருக்காது. மூன்று 11ம் வரலாம், 21ம் வரலாம். 'கணக்கு தப்பு' என்பான். இன்னொரு 64 உருட்டிச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோணல் சந்தேகம் தீரவில்லை என்றால் கட்டைகளைத் தனித்தனியாகச் சோதிக்கலாம். ஒரு கட்டையை மட்டும் 100 தடவை உருட்டினால் ஒவ்வொரு பக்கமும் 25ஐ ஒட்டி வர வேண்டும். ஒரே பக்கம் 40 வந்தால் பேரன் சொன்னது சரி, விளிம்பு தேய்ந்திருக்கிறது. அதற்கு முன் அவன் உருட்டும் விதத்தையும் கவனியுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டாமல் சும்மா கீழே போட்டால் எந்தக் கட்டையும் கோணல்தான்.

தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும்? 16க்கு 2 என்றால் சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். ஆனால் எட்டு உருட்டியும் ஒன்றுகூட விழாமல் போவது மூன்று ஆட்டத்தில் ஒன்றில் நடக்கும். காய் இறங்காமல் அழும் தங்கைக்கு இந்தக் கணக்கால் ஆறுதல் கிடைக்காது. பெரியவனுக்குக் கிடைக்கும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகு ஆட்டத்துக்குள் ஒரு கேள்வி போடுங்கள்: 'என் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பாயா, ஆறு கட்டம் முன்னால் நிற்பாயா?' மூன்றில் நின்றால் ஒரே வீச்சில் வெட்டுப்பட 16க்கு 4 வாய்ப்பு, ஆறில் 16க்கு 1. மறுபடி உருட்டக் கிடைக்கும் மறு ஆட்டத்தைச் சேர்த்தாலும் ஆறுதான் பத்திரம்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, நான்கை உருட்டியும் ஆடுவார்கள் அல்லவா? அதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் குவிவு என்பதால் வெள்ளையும் கறுப்பும் சரிபாதி வராது. எவ்வளவு என்பது கொட்டைக்குக் கொட்டை மாறும். உருட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒன்றரை வயதுப் பையன். போன் காட்டாமல் ஒரு வாய் இறங்காது. எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகி, திருப்பூர்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது.

மூன்று வேளையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். எந்த வேளை நல்ல பசியில் இருப்பானோ அந்த வேளையில் முதலில் நிறுத்துங்கள். இட்லியை விரல் நீளத் துண்டாக்கி, அவன் கையாலேயே எடுக்க விடுங்கள். பாதி கீழே போகும், அடியில் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்தாதீர்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். உடம்பு எடை குறைவதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளையாட ஒன்றுக்குள் ஒன்று போகும் எவர்சில்வர் டம்ளர்கள், துணிக் கிளிப்பு, மூடி திறந்து மூடும் டப்பா போதும். 3 செ.மீ.க்குள் அடங்கும் எதுவும் மூன்று வயது வரை கையில் சிக்கக் கூடாது. ரிமோட், ஒளிரும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி இவற்றிலெல்லாம் மோசமானது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், காத்திருந்து பார்க்க வேண்டாம்.

மஞ்சள் தாள் செய்து எலுமிச்சைச் சாற்றில் நனைத்தோம். நிறம் மாறவே இல்லை. மஞ்சள் கலப்படமா?
– ஒரு வாசகர், ஈரோடு

ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வியா! மஞ்சள் மேல் தப்பில்லை. மஞ்சளின் நிறம் சோப்பு, சோடா மாதிரியான காரத்தில்தான் மாறும். அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். எலுமிச்சையில் மாறாததுதான் சரியான விடை.

தாளை இப்படிச் செய்யுங்கள். 1 தேக்கரண்டி மஞ்சள்தூள், 3 தேக்கரண்டி கைக்குப் போடும் சானிடைசர் திரவம். தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். சானிடைசரில் நிறம் நன்றாக இறங்கும். தெளிந்த மேல் திரவத்தைக் கோடு போடாத வெள்ளைத் தாளில் மெல்லிசாகத் தடவுங்கள். திக்காகத் தடவினால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சானிடைசர் தீப்பற்றும், ஆகவே அடுப்பு பக்கம் வைத்துச் செய்ய வேண்டாம்.

சோப்புத் தண்ணீர், துணி சோப்புத்தூள் கரைசல், சமையல் சோடா கரைசல் ஒவ்வொன்றிலும் ஒரு துளி. சோப்புத்தூளில் செங்காவியாக மாறும், சமையல் சோடாவில் லேசாகத்தான். பிள்ளை 'ஏன் இதில் கொஞ்சமா மாறுது?' என்று கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சிவந்த இடத்தில் எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தி சிவப்பாவதும் இதே வித்தைதான், மஞ்சளோடு சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அமிலத்தைக் கண்டுபிடிக்க சங்குப்பூ இருக்கிறது. பத்து நீலப் பூவை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். எலுமிச்சைத் துளி விழ விழ ஊதா, பிறகு இளஞ்சிவப்பு. சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். புளித்தண்ணீர், மோர், போர் தண்ணீர் என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எது எந்த நிறமாகும் என்று முதலில் எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். எழுதாமல் ஊற்றினால் வெறும் வேடிக்கையாகப் போய்விடும்.

பஞ்சில் பச்சைப்பயறு போட்டோம். முளைக்காமல் அழுகி நாற்றமடிக்கிறது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பயறு மூழ்கிவிட்டது. விதைக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும், பஞ்சு குளம் மாதிரி தேக்கிவைத்துக்கொள்ளும். பயறை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவு முறுக்கிப் பிழிந்து அதில் மூட்டையாகக் கட்டுங்கள். இந்த வெக்கையில் ஒரே நாளில் வேர் எட்டிப் பார்க்கும்.

முளைத்ததைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நாலு டம்ளரில் பத்துப் பத்து ஊறின பயறு போட்டால் ஒரு வாரம் ஓடும்: ஒன்றில் ஈரத்துணி, ஒன்றில் பயறு மூழ்கத் தண்ணீர், ஒன்று ஈரத்துணியோடு ஃபிரிட்ஜுக்குள், இன்னொன்றில் ஊறவைக்காத பயறை அப்படியே காய்ந்தபடி. பத்து என்பதால் எத்தனை சதவீதம் முளைத்தது என்று சொல்வது சுலபம். ஒரு பிடி பாசிப்பருப்பையும் ஊறவைத்துப் பாருங்கள். அது பச்சைப்பயறுதான் என்றும், உடைத்துத் தோல் நீக்கியதால் முளைக்காது என்றும் பல பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முளைத்ததை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஜன்னலோரம், இன்னொன்றை அலமாரிக்குள் வையுங்கள். எது உயரமாக வளரும் என்று முதலிலேயே பந்தயம் கட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் என்பார்கள். ஐந்தாம் நாள் அளந்தால் இருட்டில் இருந்ததுதான் உயரம். வெளுத்து, ஒல்லியாக, தலை கவிழ்ந்து வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கும்.

பெங்களூரில் இருக்கிறோம். ஏழு வயது மகன் தமிழ் நன்றாகப் பேசுவான். 247 எழுத்தும் அட்டவணையாக ஒப்பிப்பான். ஒரு சொல்லைக் காட்டினால் படிக்கத் தெரியவில்லை.
– ஒரு தந்தை

அவன் கற்றது பாட்டு. க, கா, கி, கீ என்று இழுக்கும்போது கண் எழுத்தில் இருப்பதில்லை. அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு மூன்றே எழுத்தில் தொடங்குங்கள்: ட, ப, ம. எழுத எளிது, புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே சொல் வந்துவிடும். அடுத்து ர, ல, க, த, வ, ய ஆறும் சேர்ந்தால் மரம், கடல், வயல், பகல், தயக்கம். துணைக்கால் ஒன்றைக் கற்றதும் பாடம், மாடம், காகம், தாகம்.

'பம்பரம்' என்பதில் இரண்டு ப-வும் ஒரே ஒலியில் வராது. அதற்கு விதி சொல்லாதீர்கள். பேசத் தெரிந்த பிள்ளை முதலில் தப்பாக வாசித்துவிட்டு, 'ஓ, பம்பரம்!' என்று தானே திருத்திக்கொள்வான். மூன்று விநாடி பொறுத்திருப்பதுதான் உங்கள் வேலை. அங்கேதான் பெரும்பாலான பெற்றோர் தோற்கிறார்கள்.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. முதலாவது கொம்பு. ெ, ே, ை மூன்றும் முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும். ொ, ோ இரண்டு பக்கமும் நின்று அணைக்கும். எழுத்தை ஒரு அட்டையிலும் குறிகளைத் தனி அட்டைகளிலும் எழுதி, அவன் கையாலேயே முன்னும் பின்னும் வைத்து ஒட்டவிடுங்கள். இரண்டாவது உகரம். பதினெட்டும் பதினெட்டு விதமாகத் தெரியும், ஆனால் மூன்றே குடும்பம்தான். கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும். சு, பு, யு, வு, ஙு நேராகக் கீழே இறங்கும். து, நு, லு, று, ணு, னு, ஞு வலப்பக்கம் கொக்கி போடும். குடும்பம் குடும்பமாகக் கற்றுக்கொடுங்கள். ஊகாரம் கடைசியில்.

ல, ள, ழ குழப்பத்துக்கு 'சின்ன ல, பெரிய ள' என்பதைவிட பல்லி–பள்ளி, வால்–வாள் என்று சொல்லாகக் காட்டுவது நிற்கும். தெருப் பலகையில் தமிழ் கிடைக்காத ஊர் என்பதால் மளிகைப் பட்டியலைத் தமிழில் எழுதி அவனிடம் கொடுங்கள். கடையில் அவன் வாசிப்பதைத்தான் வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும்.

ஏப்ரல் 24 அன்று சென்னையில் நிழலில்லா நாள் என்று படித்துவிட்டு மதுரையில் மொட்டை மாடியில் நின்றோம். நிழல் விழுந்ததே?
– ஒரு வாசகர், மதுரை

நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும். சூரியன் வடக்கே ஏறி வரும்போது முதலில் கன்னியாகுமரியின் உச்சியைத் தொடும், ஏப்ரல் 10 வாக்கில். மதுரைக்கு ஏப்ரல் 16 வாக்கில், சென்னைக்கு 24. அன்றைக்கு மதுரையில் ஒரு மீட்டர் கம்புக்கு 5 செ.மீ. நிழல் விழுந்திருக்கும். அதுவும் தெற்குப் பக்கம். சூரியன் உங்கள் தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. திரும்பி வரும்போது ஆகஸ்ட் 27 வாக்கில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு மீட்டர் குழாயை மண் நிரப்பிய வாளியில் நடுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் நேராக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். இரண்டு டிகிரி சாய்ந்தாலே மூன்றரை செ.மீ. பிழை. 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி. மதுரையில் 12.15ஐ ஒட்டி நிழல் மிகக் குட்டையாகும். அந்தப் புள்ளியையும் குழாயின் அடியையும் இணைத்தால் அசல் வடக்கு–தெற்கு. கடிகாரத்தில் 12 ஆகும்போது ஏன் உச்சி வெயில் இல்லை என்று அவர்கள் கேட்டால் பிரயாக்ராஜ் (பழைய பெயர் அலகாபாத்) பக்கம் ஓடும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள். நம் கடிகாரம் அந்த இடத்துக் கணக்கு.

மே கடைசியில் நிழல் தெற்கே 21 செ.மீ. இருக்கும். பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அரையாண்டு லீவில் அதே இடத்தில் குழாயை நட்டுப் பாருங்கள். டிசம்பரில் வடக்கே 66 செ.மீ. நீளும். செருப்பில்லாமல் மாடிக்கு விடாதீர்கள், சூரியனை நேராகப் பார்க்கவும் விடாதீர்கள்.

ஊரிலிருந்து ஒரு பை நிறைய குன்றிமணி வந்திருக்கிறது. பல்லாங்குழிக்கு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

வேண்டாம். பிள்ளையார் கண்ணுக்கு வைப்பதால் நமக்குப் பழகிப்போயிருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது கடும் விஷம். தோல் கெட்டி, கடித்தாலோ, கோர்க்க ஊசியால் துளைத்திருந்தாலோ ஆபத்து. கறுப்புப் புள்ளி இல்லாமல் முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. அது வேறு மரம், அதையும் வாயில் போட விடக் கூடாது. புளியங்கொட்டை எடுங்கள். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70. கொட்டை பொறுக்கிக் கழுவிக் காயவைப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். பலகை இல்லாவிட்டால் காகிதக் கிண்ணம் பதினாலு, ஏழேழாக இரண்டு வரிசை. காற்றில் பறக்காமலிருக்க அடியில் பழைய பாயை விரித்து, அதோடு சேர்த்து இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.